பாரிஸ் கறுப்பு

யாகப்பர் துணை
குருநகர், யாழ்ப்பாணம்
19.01.1992

அன்பு மச்சாள் யசிந்தாவுக்கு,

முதல் ஒரு வெக்கக்கேட்டைச் சொல்லிப்போட்டுத்தான் சுகம் விசாரிப்பன். நீ நத்தாருக்கு அனுப்பின உடுப்புப் புத்தகத்திலை எனக்குப் பிடிச்ச பக்கங்களைக் கிழிச்சு, செபப் புத்தகத்துக்குள்ளை வைச்சு, போன ஞாயிறு பூசைக்குக் கொண்டு போனனான். பிரசங்கம் முழுக்கத் தலையைக் குனிஞ்சபடி அதைத்தான் பாத்தன். அந்தச் சாம்பல் நிற நீட்டுக் கோட்டு, இடுப்பிலை பட்டி கட்டினது, அதைக் கண்ட உடனை என்னை அறியாமல் “என்ரை ஆண்டவரே!” எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டன். சுவாமி பிரசங்கத்தை நிப்பாட்டி, “பாருங்கோ, யோசப்பினுக்கு மனம் உருகுது” எண்டார். முழுச்சனமும் திரும்பிப் பாத்துது. வேறை வழி? முகத்தைத் துடைச்சு நானும் உருகிக் காட்டினன்.

நான் சுகம். கொம்மாவும் சுகம், என்ரை மாமியாரெல்லே, என்னைத் திட்டேக்கை அவவுக்கு மூச்சு வாங்கிறேல்லை. குளிரிலை நீ கை கால் விறைக்காமல் இருக்கிறியோ?

கலெக்சன் எண்டால் ஒரே ஆள் வெட்டித் தைச்ச உடுப்புகளின்ரை குடும்பம் எண்டு நீ எழுதினது எனக்கு நல்லா விளங்கிச்சுது. அந்த நீலக் குடும்பத்தைப் பாரன்! ஆறு பேரும் ஆறு விதம், ஆனால் கழுத்து வெட்டிலை சகோதரங்கள் எண்டு தெரியுது. மண் நிறக் குடும்பம் எனக்குச் சரிவராது, அதுகளைப் பாத்தால் கடன் கேக்க வந்த ஆக்கள் மாதிரி. ஆம்பிளையளின்ரை பக்கத்திலை ஒரு நிண்ட கொலர் இருந்தது, மடியாமல் குத்தென நிக்கிறது. உன்ரை பழைய பச்சைப் பாவாடையை வெட்டி அந்த மாதிரியே என்ரை மனுசனுக்கு, உன்ரை கொண்ணருக்கு, ஒரு சட்டை தைச்சன். போட்டுப் பாத்திட்டு, “நான் என்ன, பங்குச் சுவாமியே?” எண்டு கேட்டார். கேட்டவர் பிறகு கழட்டேல்லை. குருநகரிலை அப்பிடிக் கொலர் வேறை ஒருத்தருக்கும் இல்லையெண்டு அவருக்கு உள்ளுக்குப் பெருமை.

அந்தச் சட்டையோடைதான் வியாழக்கிழமை பொழுதுபடக் கடல் தொழிலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை. மண்ணெண்ணெயிலை ஓடுற இஞ்சின், அதுவும் அவரைப் போலைதான், நினைச்சால் ஓடும். எங்கையாவது கரையிலை ஒதுங்கியிருப்பார். யோசியாதை. வந்த உடனை அவரைக் கொண்டே ரெண்டு வரி எழுதுவிப்பன்.

லாம்புக்கு எண்ணெய் இல்லை, கண் தெரியிற மட்டும் எழுதினன்.

உன்னைக் கொஞ்சுற
யோசப்பின் மச்சாள்


பாரிஸ்
02.02.1992

அன்புள்ள மச்சாள்,

உங்கடை கடிதம் கண்டு கனகாலம். அண்ணை, அம்மா, நீங்கள் மூண்டு பேரும் சுகமாத்தான் இருப்பியள் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டு படுக்கிறன். எனக்கு ஒரு குறையுமில்லை, சவுக்காரத் தண்ணியிலை கை மட்டும் வெடிச்சிருக்கு.

நான் கூட்டித் துடைக்கிற கட்டடத்துக்குப் பக்கத்துத் தெருவிலை முழுக்கப் பெரிய உடுப்புக் கடையள். வேலை முடிஞ்சு வரேக்கை கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு, இதை மச்சாள் பாத்தால் என்ன சொல்லுவா எண்டு யோசிப்பன். உள்ளுக்குப் போறேல்லை, என்ரை சப்பாத்தைக் கண்டால் வாசல்காரன் சிரிப்பான். இந்தக் குளிர் முழுக்க எல்லாக் கடையிலையும் ஒரே நிறம். கறுப்பு! நம்புவியளோ? கலியாண விருந்துக்கும் கறுப்பு, ஆட்டத்துக்கும் கறுப்பு. ஆனால் ஒரு கறுப்பைப் போலை இன்னொண்டு இல்லை. ஒண்டு பட்டு மாதிரி, ஒண்டு கரி மாதிரி, ஒண்டு நனைஞ்ச பாறை மாதிரி.

லா சப்பலிலை ஒரு தமிழ்க் கடையிலை கறுப்பு ஜோர்ஜெட் சேலை ஒண்டு கண்டன். கரை முழுக்கச் சின்னச் சின்ன மினுக்கத் தகடு தைச்சிருக்கு. வாங்கிப்போட்டன். எங்கடை ஊரிலை கறுப்பெண்டால் செத்த வீட்டுக்குத்தான் எண்டு தெரியும். அந்தப் பழக்கத்தை உடைக்க உங்களை விட்டால் அங்கை ஆர் இருக்கினம்? யாகப்பர் பெருநாளுக்கு இதை உடுத்து, அண்ணையின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு போங்கோ. அவர் வெக்கத்திலை தள்ளித் தள்ளித்தான் நடப்பார், விடாதேங்கோ.

கொழும்புக்குப் போற ஆளிட்டைக் குடுத்துவிட்டிட்டன். எங்கடை அயல் சந்தியோகு அண்ணை கொழும்புக்கு வரேக்கை வாங்கிக்கொண்டு வருவார்.

அம்மாவின்ரை காலைத் தொட்டுக் கும்பிட்டதாச் சொல்லுங்கோ.

யசிந்தா


யாகப்பர் துணை
குருநகர்
20.03.1992

என்ரை யசிந்தாவுக்கு,

உன்ரை கடிதம் ஒண்டும் வரேல்லை. நீ இருக்கிறியோ, அல்லது ஆரும் வெள்ளைக்காரன் தூக்கிக்கொண்டு போட்டானோ? இஞ்சை ரெண்டு பொம்பிளையளும் சாப்பிட்டுக் குடிச்சு இருக்கிறம்.

கொண்ணர் இன்னும் வரேல்லை. நாலு பேர் நாலு கதை சொல்லுகினம். அண்டைக்குக் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதெண்டும் சொல்லுகினம். வெடிச்சத்தம் என்ன புதினமே, இஞ்சை சேவல் கூவிற மாதிரித்தானே அதுவும். நான் சொல்றது ஒரே கதை. காத்து இழுத்துக்கொண்டு போய் இந்தியாக் கரையிலை விட்டிருக்கும். பாசையூர் ஆள் ஒருத்தர் அப்பிடித்தான், குடும்பம் அழுது முடிச்ச பிறகு மண்டபம் அகதிக் காம்பிலை இருந்து கடிதம் போட்டவர். உவரும் அங்கை இட்டலி திண்டு கொழுத்துப் போய்த்தான் வருவார். நான் தைச்சது ஒண்டும் கொள்ளாது, திரும்பத் தைக்கிற வேலை எனக்குத்தான்.

கொம்மா என்னைக் கறுப்பு உடுக்கச் சொல்லுறா. புருசன் செத்தால் வருசம் முழுக்கக் கறுப்பு, ஓம், எனக்கும் தெரியும். செத்தால்தானே? நான் கறுப்பு உடுத்தால் அவர் செத்துப்போனார் எண்டு நானே கையெழுத்து வைச்ச மாதிரி. அதாலை ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டினன். தபசு காலம் பார், எல்லாரும் மங்கல் நிறத்திலை நிக்கினம். நடுவிலை நான் வாழைப்பழம் மாதிரி. நற்கருணை தரேக்கை சுவாமிக்குக் கண் கூசியிருக்கும்.

போன கிழமை எங்கடை கரையிலை தொழில் செய்யிற லியோனின்ரை வலையிலை ஒரு சட்டை ஏறினதெண்டு கொண்டு வந்தவை. உடுப்பெண்டால் என்னட்டைத்தானே வருவினம். திருப்பித் திருப்பிப் பாத்தன். “இது அவரின்ரை இல்லை” எண்டன். “யோசப்பின் சொன்னால் சரி” எண்டு எல்லாரும் ஆறுதலாப் போச்சினம். கொம்மா மட்டும் என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டா. நான் அடுப்படிக்குப் போட்டன், புட்டு அடுப்பிலை கிடந்தது.

உடம்பைப் பார்.

மச்சாள்


பாரிஸ்
29.04.1992

மச்சாள்,

நீங்கள் தை மாதம் எழுதின கடிதம் நேற்றுத்தான் என்ரை கையிலை கிடைச்சுது. வாசிச்சு முடிய ஏலேல்லை. அண்ணை வந்திட்டார்தானே? வந்து இப்ப மூண்டு மாதமாகியிருக்கும், இல்லையே? அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் பற்றி அவ்வளவு எழுதிப்போட்டு அவரைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறியள். எனக்கு உங்களை அடிக்கவேணும் போலை இருந்தது, பிறகு அழுகை வந்தது.

ஒருவேளை இந்தியாப் பக்கம் ஒதுங்கியிருந்தாலும் எண்டு நினைச்சன், மண்டபம் காம்பிலை எனக்குத் தெரிஞ்ச குடும்பம் இருக்கு. விசாரிச்சு எழுதச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறன்.

ஒரு பார்சல் வரும். நான் இது தெரியாமல் அனுப்பினது. வந்தால் திறக்காதேங்கோ. அலுமாரிக்கு மேலை போட்டுவிடுங்கோ. அம்மாவின்ரை கண்ணிலை மட்டும் காட்டவேண்டாம். எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா இருங்கோ.

யசிந்தா


யாகப்பர் துணை
குருநகர்
16.06.1992

யசிந்தா,

சுகம் விசாரிக்கிற நிலையிலை நான் இல்லை, நீ சுகமா இரு.

சந்தியோகு கிளாலிக் கடல் தாண்டி, உன்ரை பார்சலைத் தலையிலை வைச்சுக்கொண்டு வந்து சேந்தவர். உடுப்பு நனையேல்லை, ஆள்தான் நனைஞ்சவர். நான் கிணத்தடியிலை. கொம்மாதான் பிரிச்சவ.

“என்னடி இது?”

“சேலை, மாமி.”

“என்ன நிறம்?”

“கண் தெரியேல்லையே?”

“தெரியுது. நீ சொல்லு.”

“கறுப்பு.”

அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. “கடலுக்கங்காலை கிடக்கிற என்ரை பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. பக்கத்திலை படுத்த உனக்குத் தெரியேல்லை” எண்டா.

“மாமி, இது துக்கத்துக்கில்லை. இது பாஷன். பாருங்கோ, மினுங்குது.”

“அங்கை பணக்காரச் செத்த வீடாக்கும்” எண்டா.

எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அவ அழுறா, நான் சிரிக்கிறன், சந்தியோகு நடுவிலை தேத்தண்ணிக் கோப்பையோடை ஆரைத் தேத்திறதெண்டு தெரியாமல் முழிக்கிறார். அதுக்குள்ளை பாரிசிலை இருந்து துக்கச் சேலை வந்திட்டுது எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை போட்டுது. பொழுது சாய முந்திப் பெண்டுகள் வந்து குந்தியிருந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிட்டினம். சீனியில்லாத தேத்தண்ணியை ஊத்திக் குடுத்து, “ஆருக்காக அழுறியள்?” எண்டு ஒவ்வொருத்தியையும் கேட்டன். ஒருத்தியும் பேரைச் சொல்லேல்லை.

எடி, நீ பாஷன் அனுப்பினாய், ஊர் அதைச் செத்த வீடாக்கிப்போட்டுது. பெட்டிக்குள்ளை வைச்சுப் பூட்டிட்டன். ஆனால் ஒண்டு, துணியெண்டால் துணி. கையிலை எடுத்தால் தண்ணி மாதிரி வழியுது.

யோசப்பின்


பாரிஸ்
10.07.1992

அன்புள்ள மச்சாளுக்கு,

பங்குனிக் கடிதம் கிடைச்சுது. மண்டபத்திலை இருந்தும் பதில் வந்தது. அங்கை அண்ணையின்ரை பேரிலை, சிமியோன் எண்டு, மூண்டு பேர் இருக்கினமாம். ஒருத்தர் மன்னார், ஒருத்தர் பேசாலை, ஒருத்தர் சின்னப் பெடியன். எங்கடை அண்ணை இல்லை. மற்றக் காம்புகளிலையும் கேட்டவையாம்.

நீங்கள் ஒரு சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறியள். கொலர் எப்பிடி எண்டு எழுதேல்லை. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். கொலர் எப்பிடி எண்டு மட்டும் எழுதுங்கோ.

அம்மாவைக் கவனமாப் பாருங்கோ.

யசிந்தா


யாகப்பர் துணை
குருநகர்
02.08.1992

அன்பு மச்சாளுக்கு,

உன்ரை மாசிக் கடிதமும் சித்திரைக் கடிதமும் சேந்து வந்துது. திறக்காதேங்கோ எண்டு நீ எழுதினதை, திறந்து ஊர் அழுது முடிஞ்ச பிறகு வாசிச்சன். அதை விடு. உனக்குப் பெருநாள் புதினம் சொல்லுறன்.

புதுத் துணிக்கு வழியில்லை. யன்னல் சீலையைக் கழட்டி, உன்ரை புத்தகத்து நீலக் குடும்பத்திலை மூண்டாவது பெட்டையின்ரை கை மாதிரி, தோளிலை ஒட்டி முழங்கையிலை விரியிற மாதிரி, மஞ்சள் சேலைக்கு ஒரு சட்டை தைச்சன். சவுக்காரம் இல்லை, பனம்பழத்திலை தோய்ச்சது, அதாலை ஒரு வாசம் இருந்தது. காஞ்ச செவ்வரத்தம் பூவைக் கொண்டையிலை செருகி, வலக்கையிலை வளையல் அடுக்கி, சைக்கிளைத் துடைச்சு, நேரே கோயிலுக்குப் போகாமல் கரையோரத் தெருவாலை ஒரு சுத்துச் சுத்தித்தான் போனன். போறவை வாறவை பாக்கத்தானே உடுக்கிறது. பாத்தினம். பாத்திட்டு நிலத்தைப் பாத்தினம்.

கோயிலிலை நான் இருந்த வாங்கிலை நான் மட்டும். நல்லதுதான், சேலை கசங்கேல்லை. பூசை முடிய ஒரு பெட்டை வந்து, “அன்ரி, இந்தக் கை எப்பிடி வெட்டினது?” எண்டு கேட்டாள். தாய் வந்து அவளை இழுத்துக்கொண்டு போனா.

கொம்மா பெருநாளுக்கு வரேல்லை. சாப்பாட்டையும் குறைச்சுப்போட்டா. கேட்டால் பசியில்லை எண்டுறா. யன்னலுக்குச் சீலை இல்லாதபடியால் வெளிச்சம் முகத்திலை அடிக்குதெண்டு மட்டும் குறை சொன்னா.

மச்சாள்


பாரிஸ்
20.09.1992

மச்சாள்,

பார்சல் வந்த கதையும் பெருநாள் கதையும் வாசிச்சன். சேலைக்கு என்னை மன்னியுங்கோ. உங்களைச் சிரிக்கவைக்க எண்டுதான் வாங்கினன்.

கொலர் பற்றி ஒண்டும் இல்லை. நான் கேட்ட கடிதம் வந்து சேரேல்லையோ, சேந்தும் எழுதேல்லையோ? ஒண்டு சொல்லுங்கோ. நான் கறுப்பு உடுக்கவோ, விடவோ? இஞ்சை எல்லாரும் கறுப்புத்தான் போடுகினம். நான் போட்டுக்கொண்டு போனாலும், ஏன் எண்டு ஒருத்தரும் என்னைக் கேக்க மாட்டினம்.

யசிந்தா


யாகப்பர் துணை
குருநகர்
24.10.1992

என்ரை பிள்ளை யசிந்தா,

நீ கொலரைக் கேட்ட ரெண்டு கடிதமும் ஒண்டா வந்துது. எழுதுறன்.

நிண்ட கொலர். பச்சைத் துணி. இடப்பக்கக் கை கொஞ்சம் நீட்டமா வெட்டுப்பட்டதெண்டு நான் உள்ளுக்கு மடிச்சுத் தைச்சனான், அந்த மடிப்பும் இருந்தது. எவ்வளவு நாள் உப்புத் தண்ணியிலை கிடந்துதோ, அந்தத் தையல் விடேல்லை. கையிலை எடுத்த உடனை எனக்கு வந்த முதல் நினைப்பு, நல்லாத் தைச்சிருக்கிறன் எண்டதுதான். பாத்தியே என்ரை புத்தியை. பிறகு முதுகுப் பக்கம் கிழிஞ்சிருந்ததைப் பாத்தன். அது என்னத்தாலை கிழிஞ்சது எண்டு நீ என்னைக் கேளாதை. “இது அவரின்ரை இல்லை” எண்டு வாய் தன்ரை பாட்டிலை சொல்லிப்போட்டுது. சொன்ன பிறகு, அது உண்மையா வந்திடும் எண்டு இருந்தன்.

ஆத்துமாக்கள் திருநாள் வருகுது. செத்த ஆக்களின்ரை பேரைப் பூசையிலை வாசிப்பினம். கொம்மா கொண்ணரின்ரை பேரைக் குடுக்கப் போனவ. “பெண்சாதி வந்து சொல்லாமல் நான் வாசிக்கேலாது” எண்டு சுவாமி சொல்லிப்போட்டார். கொம்மா திரும்பி வந்து எனக்கு முன்னாலை இருந்தா. திட்டேல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பன்.

“நீ நிறத்திலை திரியிற நாளெல்லாம் அவன் மோட்சம் போகேலாமல் உத்தரிக்கிற நெருப்பிலை கிடக்கிறான்டி. ஒரு பூசை இல்லை, ஒரு செபம் இல்லை. அவனுக்குச் சூடு தாங்காது. சின்னனிலை தேத்தண்ணியையே ஊதி ஊதிக் குடிச்ச பிள்ளை.”

எனக்குப் பகிடி ஒண்டும் வரேல்லை. இப்பவும் ஊதித்தான் குடிக்கிறவர் எண்டு சொல்ல வாயெடுத்தன், குடிக்கிறவர் எண்டு வரேல்லை, குடிச்சவர் எண்டுதான் வந்துது. பிறகு சட்டையைப் பற்றிச் சொன்னன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்” எண்டா.

“அப்ப ஏன் மாமி சனத்துக்குச் சொல்லேல்லை?”

“நீயெல்லோ அவன்ரை பெண்சாதி. நீதான் சொல்லவேணும்.”

அடுத்த நாள் சுவாமியிட்டைப் போய்ப் பேரைக் குடுத்தன். கறுப்புத் துணி வாங்கப் பெரியகடைத் தெருவுக்கும் போனன். “கறுப்பு முடிஞ்சுது அக்கா, மற்ற நிறமெல்லாம் கிடக்கு” எண்டான் கடைக்காரன். அடுத்த கடையிலையும் அப்பிடித்தான். இந்த ஊரிலை இந்த வருசம் விக்கிற நிறம் எது எண்டு பாத்தியே? பாரிசிலை மாதிரித்தான்.

அதாலை நீ அனுப்பினதைத்தான் உடுக்கப்போறன். நீயும் உடு, பிள்ளை. ஒருத்தரும் கேக்காட்டிலும் உடு. நான் கேப்பன்.

யோசப்பின்


யாகப்பர் துணை
குருநகர்
09.11.1992

அன்பு யசிந்தாவுக்கு,

கொம்மா நேற்று ரெண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டவ. இதைத்தான் சுகச் செய்தியா எழுதலாம்.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல் நாள் முழுக்க அந்தச் சேலைக்குச் சண்டை. மினுக்கத்தோடை கோயிலுக்கு விட மாட்டன் எண்டா. முந்தானையிலை மட்டுமெண்டாலும் இருக்கட்டும் எண்டு நான் கெஞ்சினன். “உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு மினுக்கம் என்னத்துக்கடி?” எண்டா. பாயைப் போட்டு, பிளேட்டை எடுத்து, தன்ரை அரைக் கண்ணோடை ஒவ்வொரு தகடாத் தானே அவிட்டா. நான் உதவிக்குப் போக விடேல்லை, நான் களவா விட்டிடுவனாம். கடைசியிலை கொசுவத்துக்குள்ளை மறையிற இடத்திலை ஒரு வரியை அவவே விட்டா. “அது கிடக்கட்டும், அவன் பாத்தால் பாக்கட்டும்” எண்டா.

உடுத்துக்கொண்டு போனன். என்ரை வாங்கிலை இந்த முறை சனம் நெருக்கி இருந்துது. சுவாமி பேர்களை வாசிக்க வாசிக்க, எங்கடை பேர் எங்கையாவது விடுபட்டுப் போகாதோ எண்டு ஒரு ஆசை. விடுபடேல்லை. நல்ல தெளிவாத்தான் வாசிச்சார். கொம்மா என்ரை முந்தானைத் தலைப்பைப் பிடிச்சு மூக்கைத் துடைச்சா. ஜோர்ஜெட் ஈரத்தை இழுக்காது, எண்டாலும் துடைக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

வைக்கிறதுக்கு அவருக்கொரு சவக்குழி இல்லாதபடியால், மெழுகுதிரியைக் கடற்கரையிலை கொளுத்தினம். காத்துக்கு நிக்கேல்லை. திரும்பத் திரும்பக் கொளுத்தினம்.

உடுப்புப் புத்தகம் இனி அனுப்பவேண்டாம் எண்டு எழுத இருந்தன். அனுப்பு. கறுப்புப் பக்கங்கள் இருக்கிற புத்தகமாப் பாத்து அனுப்பு. வருசம் முழுக்க ஒரே வெட்டிலை திரிய என்னாலை ஏலாது.

உன்ரை கையைக் குளிரிலை நனைக்காதை.

மச்சாள் யோசப்பின்

பி.கு: அவிட்ட தகடு எல்லாத்தையும் கொம்மா ஒரு சிரட்டையிலை போட்டு வீட்டு முற்றத்திலை வைச்சவ. கோழி கொத்தித் திண்டிட்டுது. ரெண்டு நாளா அது எச்சம் போட்ட இடமெல்லாம் முற்றம் மினுங்குது. முட்டை வழமையான நிறந்தான்.